கெட்டவன் வேலை

அந்தச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்காதான். சோப்புத்தூள் மூட்டை இறக்க வருகிற லாரிக்காரர்கூட, தலை முழுக்க நரைத்த மனிதர், "அக்கா, சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்பார். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. புதிதாக வந்த யாராவது முதலாளியம்மா என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

அவள் முதலாளியாகப் பிறந்தவளும் இல்லை, முதலாளியாகவேண்டும் என்று ஆசைப்பட்டவளும் இல்லை. ஒரு விடுதியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத அறையில், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். விடுதியை இழுத்து மூடியபோது அங்கிருந்த பழைய துவைக்கும் இயந்திரம் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வீட்டுக்குப் பின்னால் போட்டாள். பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன விடுதிகள் துணி கொடுத்தன. பிறகு ஓர் ஆஸ்பத்திரி கொடுத்தது. ஆஸ்பத்திரித் துணி என்றால் அது ஓயாத துணி. விடுதிக்கு ஆள் வராத காலம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு காலமே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் இடம் போதாமல், ஊரின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்தாள். கொதிகலன் வந்தது, வண்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள்.

ஆட்கள் வந்த அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பியும் வந்தான். படித்துக்கொண்டிருந்தவன். ஒரு மாதம் மட்டும் கூடமாட இரு என்று அவள்தான் கேட்டாள். அந்த மாதம் முடியவே இல்லை. அவன் மேனேஜரானான், கல்யாணம் செய்துகொண்டான், தொப்பை போட்டான். ஆட்கள் அவனைத் தம்பி சார் என்றார்கள். அக்காவுக்குத் தம்பி, மற்றவர்களுக்குச் சார், இரண்டையும் சேர்த்து அப்படி ஒரு பெயர்.

தம்பி சாருக்குக் குரல் பெரியது. இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அப்படி ஆனது என்று அக்கா மற்றவர்களிடம் சொல்வாள். இயந்திரம் நின்றிருக்கும்போதும் அவன் அப்படித்தான் பேசினான் என்பதை அவள் கவனித்ததில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டாள். அவளுக்கு அலைச்சல் அதிகம். ஆஸ்பத்திரியில் போய்ச் சமாதானம் சொல்வது, கொதிகலன் பழுது பார்க்கிறவரின் காலைப் பிடிப்பது, துணியில் போகாத கறைக்குப் பதில் சொல்வது என்று பகல் முழுவதும் ஓடிவிட்டு வந்து நாற்காலியில் விழுவாள். கூடத்துக்குள் யாரை எங்கே நிறுத்துவது, யாரை என்ன சொல்வது என்பதெல்லாம் தம்பி பாடு.

அங்கே நெட்டை என்று ஒருவன் இருந்தான். வாசல் நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வர அவன் குனிய வேண்டியிருந்தது. அவனுக்கு உருளையில் வேலை. உருளை என்பது ஈரப் போர்வையை ஒரு பக்கம் வாங்கி, சூட்டில் நசுக்கி, மறுபக்கம் மொடமொடவென்று தள்ளுகிற பெரிய இயந்திரம். இந்தப் பக்கம் இரண்டு பேர் போர்வையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே விட வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் நெட்டை வாரத்தில் பாதி நாள் தாமதமாக வந்தான். வந்ததும் அவசரப்பட மாட்டான். சட்டையைக் கழற்றி மாட்டி, முகம் கழுவி, வேலைக்கான மேல்துணியைக் கட்டிக்கொண்டு, ஏதோ இவன் வந்ததே உபகாரம் என்பதுபோல் வந்து நிற்பான். கேட்டால் எதிர்வாதம் பேசுவான். நல்ல வேலைக்காரன்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவனைப் பார்த்தாலே தம்பி சாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டிய துணி போய்ச் சேரவில்லை என்று காலையிலேயே பெரிய ரகளை. அக்கா அதைச் சமாளிக்க ஓடியிருந்தாள். கூடத்தில் உருளை சூடாகி, மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நெட்டை கையில் டீ டம்ளரோடு உள்ளே வந்தான். அந்த டம்ளர்தான் வினையாகப் போயிற்று. தம்பி சார் அதைத் தட்டிவிட்டான். டீ கீழே போய், வெளுத்து அடுக்கியிருந்த தலையணை உறைகளின்மேல் தெறித்தது. எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றான். நெட்டை மேல்துணியை அவிழ்த்து உருளையின்மேல் போட்டுவிட்டு, வாசலில் குனிந்து வெளியே போனான். அது சூட்டில் கருகுவதற்குள் மடிப்பு மேஜையில் இருந்த பெண் ஒருத்தி ஓடிவந்து எடுத்தாள்.

அக்கா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவளுக்கு ஏற்பட்டது நிம்மதி. தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு ஆளைப் போட்டார்கள்.

சில வாரம் கழித்து லேபர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய வீட்டுக்காரர் அதைப் படித்துச் சொன்னார். அவர் வேறோர் அலுவலகத்தில் ஃபைல்களோடு வாழ்ந்து ஓய்வுபெறப் போகிறவர், கடித மொழி அவருக்குத் தாய்மொழி மாதிரி. விளக்கம் கேட்காமல், முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டு நீக்கியதாகப் புகார், பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்கிறார்கள் என்றார். "லேட்டா வந்தவன் அவன், போய் நிக்க வேண்டியவ நானா?" என்று அக்கா கேட்டாள். வீட்டுக்காரர் கடிதத்தைத் திருப்பி உறைக்குள் வைத்து, அங்கேயாவது லேட்டாகப் போகாதே என்றார்.

அக்காவும் தம்பியும் போனார்கள். பச்சைச் சுண்ணாம்பு அடித்த தாழ்வாரம், நீள பெஞ்சு, எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி. நெட்டை அவர்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துத் தம்பிக்கு ரத்தம் கொதித்தது. "இங்க மட்டும் நேரத்துக்கு வரத் தெரியுது பாரு" என்று பல்லைக் கடித்தான்.

உள்ளே இருந்த அதிகாரி அம்மாவுக்கு முதுகுவலி போலிருக்கிறது. நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்திருந்தார். ஊரில் உள்ள சண்டையெல்லாம் அந்த அறைக்குத்தான் வரும் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்று பேரையும் உட்காரச் சொல்லி, அவரவர் தரப்பைக் கேட்டார். தம்பி நெட்டையின் குற்றங்களை அடுக்கினான். எதுவும் பொய் இல்லை. அதிகாரி அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இதற்கு முன் தாமதமாக வந்தபோது எழுத்தில் ஏதாவது எச்சரித்தீர்களா என்று கேட்டார். இல்லை. வேலைக்குச் சேர்த்தபோது விதி என்று ஏதாவது கையில் கொடுத்தீர்களா என்றார். அதுவும் இல்லை. ஏன் தாமதம் என்று கேட்டீர்களா?

"கேக்காம என்னம்மா, தினம் கேட்டோம்" என்றாள் அக்கா.

"கேட்டீங்களா, திட்டினீங்களா?"

 அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் அக்காவுக்கு அதிகமாக உறைத்தது.

எங்கள் காசு போட்டு நடத்துகிற இடத்தில் எங்களுக்கு ஆகாத ஆளை வைத்துச் சோறு போட வேண்டுமா என்று தம்பி கேட்டான். அதற்கு அந்த அம்மா, தலையணையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"ஆகாத ஆளை அனுப்பக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லல, சார். என்ன தப்புன்னு எழுதிக் குடுங்க. பதில் சொல்ல டைம் குடுங்க. அவர் சொல்றத, சண்டைல சம்பந்தப்படாத ஒருத்தர் உக்காந்து கேக்கட்டும். அப்புறமும் அனுப்பத்தான் வேணும்னா முறையா அனுப்புங்க. நீங்க டம்ளரத் தட்டி விட்டுட்டு வந்து என் முன்னாடி உக்காந்திருக்கீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

இரண்டு மூன்று முறை நடந்த பிறகு ஒப்பந்தம் ஆயிற்று. நெட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வது, வீட்டில் இருந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம், இனி தாமதமானால் முறைப்படி நடவடிக்கை. வெளியே வரும்போது அதிகாரி அம்மா அக்காவை மட்டும் நிறுத்தி, ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொடுத்து, இதைப் பார்த்து உங்கள் இடத்துக்கு ஏற்ற மாதிரி விதிகளை எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுங்கள் என்றார். அக்கா அதைக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். 

ஒருவனை வெளியே தள்ளுவது ஒரு நிமிட வேலை, தள்ளியவனைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது எவ்வளவு பெரிய பாடு என்பது நெட்டை வந்து நின்ற அன்று தெரிந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி சார் துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய், தேவையே இல்லாமல் ஒரு குழாயை முறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா நெட்டையைச் சோப்பு டப்பாக்கள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். தனியாகப் பேச அந்த இடத்தில் வேறு அறை கிடையாது. ஆளுக்கொரு டப்பாவின்மேல் உட்கார்ந்தார்கள். புத்தகத்தில் போட்டிருந்தபடி, குரலை உயர்த்தாமல், ஏன் தாமதம் என்று கேட்டாள்.

வீட்டில் நோயாளி என்பான், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்பான், அழுவான் என்றுகூட அவள் எதிர்பார்த்து, அதற்கெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள்.

"காரணம்னு ஒண்ணும் இல்லக்கா" என்றான் நெட்டை. "காலைல எந்திரிக்க உடம்பு வரமாட்டேங்குது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எங்கம்மா தண்ணியெல்லாம் ஊத்திப் பாத்துட்டாங்க."

அக்காவுக்குச் சிரிப்பதா, எழுந்து போவதா என்று தெரியவில்லை. இதற்காகவா அத்தனை நடை, அத்தனை பெஞ்சு. ஆனால் கேட்டதற்கு ஒரு பயன் இருந்தது. சாயங்கால ஷிப்டில் மடிப்பு மேஜையில் வேலை செய்த ஒருத்தி, காலை ஷிப்டு கிடைக்குமா என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேரையும் மாற்றிப் போட்டாள். மதியத்துக்குமேல் தொடங்குகிற வேலைக்கு நெட்டை ஏறக்குறைய நேரத்துக்கே வந்தான்.

அதனால் அவன் திருந்திவிட்டான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விதிகளை வீட்டுக்காரர் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க, அக்கா அதை அச்சடித்துக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நெட்டைக்கு அது பொழுதுபோக்காகிவிட்டது. டீ நேரத்தில் அதன் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உரக்கப் படிப்பான். இடைவேளை அரை மணி என்று போட்டிருக்கிறதே, நமக்கு மணி அதற்குள் அடித்துவிடுகிறதே, கடிகாரம் தப்பா காகிதம் தப்பா என்று கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்கா இடைவேளையைச் சரிசெய்தாள். அடுத்த வாரம் அவன் வேறொரு வரியில் விரல் வைத்தான். அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம், ஏன் இவ்வளவு நீளமாக எழுதித் தொலைத்தீர்கள் என்று சண்டை போட்டாள்.

தம்பிக்கோ அந்தக் காகிதம் முகத்தில் ஒட்டிய மாதிரி இருந்தது. நாலு பேர் முன்னால் துரத்தியவனை நாலு பேர் முன்னால் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் அக்கா என்ற கணக்கு அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை இருந்த பக்கமே போகமாட்டான். அந்த ஆத்திரத்தையெல்லாம் மற்றவர்கள்மேல் இறக்கினான்.

மடிப்பு மேஜையில் ஒரு பெண், எல்லோரும் கண்ணாடிக்காரி என்பார்கள். ஆரம்ப காலத்திலிருந்து இருப்பவள், அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் குழந்தைகள் பிரிவுக்குப் போக வேண்டிய போர்வைகளை அவள் வேறொரு கட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டாள். கண்ணாடியை மாற்ற வேண்டிய நாள் தாண்டியிருக்கும். தம்பி சார் கட்டைப் பிரித்துப் பார்த்தான். அதைத் தூக்கி மேஜைமேல் எறிந்தான். மேஜையிலிருந்து சரிந்து எல்லாம் ஈரத்தரையில் விழுந்தது. அதோடு நிற்காமல், அவள் வயதையும் கண்ணையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை இங்கே எழுத வேண்டியதில்லை. உருளைப் பக்கம் நின்ற நால்வரும் கேட்டார்கள். போர்வை ஒன்று பாதி உள்ளே போனபடி அப்படியே நின்றது.

கண்ணாடிக்காரி குனிந்து போர்வைகளை எடுத்துத் துவைக்கும் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். ஷிப்டு முடியும்வரை வேலை பார்த்தாள். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு அக்காவின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"எழுதித் தரணுமாக்கா, வாயால சொன்னா போதுமா?"

அக்கா அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள். கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டு, எனக்காக யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், ஆனால் சுவரில் ஒட்டியிருப்பது எங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்பது தெரிய வேண்டும் என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அக்கா வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தாள். அவள் கால்கள் வீங்கியிருந்தன. எழுந்து வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் கேட்பார். கேட்டார். அவள் சொன்னதும், மெமோ எழுதட்டுமா, உன் தம்பி என்பதால் வேறு சட்டமா என்றார். அவள் அவர்மேல் எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்துவிட்டு, எழுதுங்கள் என்றாள்.

தம்பி அந்த மெமோவை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்த பார்வை வெகுநாள் அவளுக்குள் இருந்தது. கோபம்கூட இல்லை. வேறு யாரோ ஒருத்தி அக்கா மாதிரி வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பதுபோல் பார்த்தான். அன்று சாயங்காலமே அவன் மனைவி போன் செய்து, "அண்ணி, நீங்களா இப்படி" என்று ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சம்பந்தப்படாத ஒருவர் கேட்க வேண்டும் என்று அதிகாரி அம்மா சொன்னது அக்காவுக்கு நினைவிருந்தது. சலவைக்கூடத்துக்கு வரவுசெலவு பார்க்க வருகிற கணக்காளரைக் கேட்டாள். அவர், குடும்ப விஷயத்தில் என்னை ஏன் இழுக்கிறீர்கள் என்று நெளிந்தார். குடும்ப விஷயமாக்கக் கூடாது என்றுதான் உங்களைக் கூப்பிடுகிறேன் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

அதே சோப்பு அறை. இந்த முறை மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரியும் மற்ற நால்வரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாகத் தம்பி வந்தான். கணக்காளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார்.

"சொன்னேன்" என்றான் தம்பி. மறைக்கவில்லை. பிறகு கணக்காளரை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினான். அவன் குரல் அவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை.

"அக்கா, நீ ஒரு நாளாவது யாரையாவது லேட்டா வந்தியேன்னு கேட்டிருக்கியா? லீவு இல்லன்னு சொல்லியிருக்கியா? யாராவது வந்து அழுதா நீ சரி போம்மான்னு சொல்லிடுவ. அப்புறம் என்கிட்ட வந்து, ஆளே இல்ல, நீ எப்படியாவது பாத்துக்கோன்னுவ. எப்படிப் பாத்துக்குவேன்? கத்தித்தான் பாத்துக்கிட்டேன். நல்லவ வேலைய நீ வச்சிக்கிட்ட, கெட்டவன் வேலைய என்கிட்ட குடுத்துட்ட. இத்தனை நாள் கத்தினப்போ உனக்குக் காது கேக்கலயா?"

கணக்காளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதை எழுதவா வேண்டாமா என்பதுபோல் அக்காவைப் பார்த்தார். எழுதுங்கள் என்றாள் அக்கா.

அவன் சொன்னது நியாயம். அதற்காக அவன் கண்ணாடிக்காரியைச் சொன்னது நியாயமாகிவிடாது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்க முடியாத அலுப்பாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் உண்மை இருந்தால் எவ்வளவு சுலபம்.

தம்பிக்கு எழுத்துமூலமான எச்சரிக்கை போயிற்று. அவன் கண்ணாடிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்ட விதம் அவ்வளவு நன்றாக இல்லை, இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவள் சரி என்றாள், அவளும் அவனைப் பார்க்கவில்லை. அதன்பின் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்து, வண்டியையும் ஆஸ்பத்திரிகளையும் அவனுக்குக் கொடுத்தாள். தன்னை இறக்கி வைத்ததாகத்தான் அவன் நினைத்தான். ஆனால் வெளியாட்களிடம் அவனுக்கு நல்ல பேச்சு உண்டு. ஆஸ்பத்திரிக் கிடங்கில் இருந்தவர்கள், அக்காவைப் பார்த்தால் குறைப் பட்டியலை எடுத்து நீட்டுகிறவர்கள், அவனோடு சிரித்துப் பேசினார்கள். இரண்டு புதிய இடங்களைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்தான். அதை அக்காவிடம் நேரில் சொல்லவில்லை. ரசீதைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டாள்.

கூடம் அக்காவிடம் வந்தது. இப்போது தாமதமாக வருகிறவர்களை அவள்தான் கேட்க வேண்டும். கத்தக் கூடாது, விடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கிறது, அது அவளுக்குப் பழக்கமில்லை. ஆரம்பத்தில், "ஏம்மா இன்னைக்கு..." என்று இழுத்து, பாதியிலேயே விட்டுவிடுவாள். ஒருத்தி, தங்கை பிரசவத்துக்குப் போக வேண்டும் என்று, ஏற்கெனவே இரண்டு பேர் லீவில் இருந்த வாரத்தில் வந்து நின்றாள். அக்காவுக்கு நாக்கு நுனிவரை சரி என்று வந்துவிட்டது. அதை விழுங்கி, இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் தருகிறேன் என்றாள். அந்தப் பெண் அழவில்லை. திரும்பிப் போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம், "அக்கா முன்ன மாதிரி இல்ல" என்றாள். அக்காவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு லாரிக்காரரைத் தவிர மற்றவர்கள் அக்கா என்று சொல்லும்போது அதில் முன்பிருந்த இழைவு இல்லை. யாரும் வீட்டுச் சண்டையை வந்து அவளிடம் சொல்வதும் நின்றுவிட்டது. ஆனால் ஒன்று, வேலை முன்னைவிட ஒழுங்காக நடந்தது. லீவு முன்கூட்டியே கேட்கப்பட்டது. உருளை முன் மூன்று பேர் கைகட்டி நிற்கிற காலைகள் குறைந்தன. கண்ணாடிக்காரிக்குப் புதுக் கண்ணாடி வந்தது, கட்டுகள் மாறிப் போவதும் நின்றது. அவளோடு மட்டும் அக்கா சில நாள் சாப்பிடும்போது சேர்ந்து உட்காருவாள். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

இவ்வளவு கூத்தும் எவனை முன்னிட்டு ஆரம்பித்ததோ அந்த நெட்டை, ஒருநாள் முறைப்படி முன்னறிவிப்பு எழுதிக்கொண்டு வந்து கொடுத்தான். சினிமாக் கொட்டகையில் வேலை கிடைத்துவிட்டதாம். முதல் காட்சியே மதியத்துக்குத்தானாம்.

"உனக்காக நான் ஏறாத படி இல்லடா" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. அதான் சொல்லாம ஓடாம, எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்றான் அவன். குனிந்து வெளியே போனான். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. புது ஆளைத் தேட வேண்டுமே என்ற கவலைதான் வந்தது.

அந்தத் தேடல் நடந்துகொண்டிருந்த நாட்களில் தம்பி அவள் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தான். விடுப்பு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில், வீடு மாறுவதால் என்று எழுதியிருந்தது.

அக்கா அதைப் படித்தாள். தன் கூடப் பிறந்தவன் வீடு மாறுவது அவளுக்கு ஒரு விண்ணப்பத்தின் வழியாகத் தெரியவந்திருக்கிறது. கண் கலங்கி எழுத்துகள் கொஞ்சம் ஆடின. எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னான். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம், வாடகை கொஞ்சம் கூட, ஆனால் வெளிச்சம் இருக்கிறது என்றான். எப்படிச் சாமான் ஏற்றுவாய் என்றாள். வெளியில் ஒரு வண்டி சொல்லியிருப்பதாகச் சொன்னான்.

"நம்ம வண்டி என்ன ஆச்சு?"

"கம்பெனி வண்டியச் சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்க."

"கேட்டா குடுக்கலாம்னும்தான் ஒட்டியிருக்கேன். கீழ படிக்கலயா?"

தம்பி தொப்பையை ஒரு கையால் தடவிக்கொண்டான்.

"சரி, கேக்கறேன்" என்றான்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் வீட்டுக்காரரும் தம்பியின் புது வீட்டுக்குப் போனார்கள். தம்பி மனைவி வாசலில் நின்று, வாங்க என்றாள், சிரிக்கவில்லை. ஆனால் பாத்திரப் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் அக்காவிடம் கொடுத்து, இது சமையலறைக்கு, மேல் தட்டில் வேண்டாம் அண்ணி, எனக்கு எட்டாது என்றாள். அக்கா கீழ்த் தட்டைத் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுத்த அறையில் தம்பி கட்டில் மாட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஏதோ கத்திவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தி, மெதுவா பிடிங்க அண்ணே, விரல் மாட்டிக்கும் என்றான். வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மறுநாள் மதிய ஷிப்டில் நெட்டை இருந்த இடத்துக்கு வருவதாகப் புது ஆள் ஒருவன் சொல்லியிருந்தான். வருவானா, நேரத்துக்கு வருவானா என்று யோசித்துக்கொண்டே அவள் அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.